கட்ச்சுக்குப் போன கருவாடு

என் வாயால் ஒரு மனிதரை வீட்டை விட்டு விரட்டியவள் நான். அந்த மனிதர் என் கணவர். இதை மறைத்துவிட்டுச் சாட்சி சொன்னால் அது பாதிச் சாட்சிதான். அதனால் முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் செய்ததைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. தங்கச்சிமடத்துக்காரி. வயது ஐம்பத்தொன்று. கருவாடு வாங்கி விற்பது தொழில். எங்கள் கோயில் பங்கில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு, என் வாயைத் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. என் கணவர் கஸ்பார் நேர் எதிர். நாலு கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும். அவர் பேசாமல் மிச்சம் வைத்ததைத்தான் நான் எடுத்துப் பேசுகிறேன் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1977-ல். அடுத்த வருடம் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு அவருடைய வள்ளத்திலேயே போனோம். அப்போதெல்லாம் அந்தத் திருவிழாவுக்கு அக்கரையிலிருந்து யாழ்ப்பாணத்துச் சனங்களும் வருவார்கள். மணலில் அடுப்பு மூட்டிச் சமைத்தோம். அவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரிடம் வாசனை சோப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தார். நான் அதைத் தேய்க்க மனமில்லாமல் ஒரு வருடம் சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். கரையில் வாயே திறக்காத அந்த மனிதர் வள்ளத்தில் ஏறியதும் பாட ஆரம்பித்துவிட்டார். "என்ன, ஆளே மாறிட்டிங்க?" என்று கேட்டேன். "கரையில நீ பேசு, கடல்ல நான் பேசுறேன்" என்றார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் குரல் எனக்கு அப்படியே கேட்கிறது.

அந்தக் கடலை அவர் 1998-ல் இழந்தார். ஐப்பசியில் திடீரென்று அடித்த காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போயிருந்த அவருடைய தம்பி இன்னாசி மூழ்கிப்போனான். மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான். தம்பியை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு என் கணவரால் வள்ளத்தில் கால் வைக்க முடியவில்லை. விடியற்காலையில் மற்றவர்களோடு கரைக்குப் போவார். முழங்கால் தண்ணீரில் நிற்பார். எல்லோரும் கிளம்பியதும் திரும்பி வந்துவிடுவார்.

முதல் ஆறு மாதம் ஊரே அவருக்காக உச்சுக்கொட்டியது. நானும் பொறுத்தேன். ஒரு வருடம் போனது. ஒன்றரை வருடம் ஆனது. ஒரே மகள் ஸ்டெல்லாவை மண்டபம் ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கருவாட்டைச் சுமந்துகொண்டு ராமநாதபுரம் சந்தைக்குப் போய் வருவேன். அவர் வாசலில் உட்கார்ந்து கிழியாத வலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

2000-ஆம் வருடம், ஈஸ்டர் முடிந்து ஒரு மாதம் இருக்கும். வெயிலில் சந்தைக்குப் போய்விட்டு வந்தேன். தலைச்சுமையை இறக்கக்கூட ஆள் இல்லை. அவர் வலையோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. தெருவே கேட்கும்படி சொன்னேன்.

"என் சேலை ஒண்ணு தாரேன், கட்டிக்கிட்டு வாங்க. ரெண்டு பேருமாக் கருவாடு விப்போம். கடலுக்குப் போறதுக்கு இந்தத் தெருவுல வேற ஆம்பளைக இருக்காக."

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். மறுநாள் காலை நான் கண்விழித்தபோது அவர் இல்லை. மூடி வைத்த சோறு அப்படியே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. குஜராத்தில் கட்டட வேலை செய்வதாகவும், கடல் கண்ணுக்குத் தெரியாத ஊர் என்றும், தன்னைத் தேட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். முகவரி இல்லை. தபால்காரர் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கட்ச் மாவட்டம்னு மட்டுந்தான் படிக்க முடியுது, ஊர் பேரு அழிஞ்சிருச்சு" என்றார். நான் போய்த் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. போனவர் தானே வரட்டும் என்று வீம்பு பிடித்தேன். "எனக்கென்ன, நிம்மதியா இருக்கேன்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த எட்டு மாதத்தில் அவருக்காக ஒரு அருள் நிறைந்த மரியே செபம்கூடச் சொல்லவில்லை.

2001 ஜனவரி 26, வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்த நேரம். நான் காயப்போட்ட நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் குஜராத்தில் பூகம்பம் என்றார்கள். எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரு வரைபடம் காட்டி, கட்ச் என்றார்கள். அடுத்தாற்போல் இடிந்த வீடுகளைக் காட்டினார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கல். அதற்கு மேல் ஆட்கள் ஏறி நின்று வெறும் கையால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

போன் போட்டுக் கேட்க எனக்கு எந்த நம்பரும் தெரியாது. ஊர்ப் பெயரே தெரியாதே. நேராகக் கோயிலுக்குப் போனேன். அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் நின்றேன். முழந்தாளிடவில்லை. சண்டைதான் போட்டேன்.

"தொலஞ்சதத் தேடித் தாறவருன்னு ஊரே ஒம்மச் சொல்லுது. நான் தொலச்சது சாவியும் இல்ல, மோதிரமும் இல்ல. என் வாயால தொலச்ச புருசன். அவரு உசுரோட இருந்தா எனக்கு ஒரு தடவ காட்டும். நான் சொன்ன சொல்ல நானே திருப்பி எடுத்துக்கிறணும்."

அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அழுது முடித்து, பதின்மூன்று செவ்வாய்க்கிழமை ஒருசந்தி நோன்பு இருப்பதாக நேர்ந்துகொண்டேன். அந்தோணியாருக்குச் செவ்வாய் விசேஷம் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச்சாமி நிவாரணத்துக்குக் கேட்டார். அரிசி, போர்வை, தார்ப்பாய் எல்லாம் சேர்த்து ஒரு லாரி அனுப்பலாம் என்றார். யாரும் தயங்கவில்லை. அறுபத்துநாலு புயலில் தனுஷ்கோடியிலிருந்து உடுத்திய துணியோடு வந்தவர்கள் எங்கள் பங்கில் நிறையப் பேர். நானும் ஆறு வயதில் அம்மா இடுப்பில் இருந்தபடி வந்தவள்தான். அன்று முகம் தெரியாத யாரோ அனுப்பிய கோதுமையைக் கஞ்சியாக்கிக் குடித்து வளர்ந்தோம். வள்ளக்காரர்கள் ஒருநாள் பாட்டில் கிடைத்த மீன் காசைத் தந்தார்கள். கருவாடு விற்கும் பெண்கள் நாங்கள் பதினொரு பேர் கூடினோம். எங்களிடம் என்ன இருக்கிறது? கருவாடு இருக்கிறது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் துக்கம் என்றால், வலை போயிற்று என்றால், கூரை எரிந்தது என்றால் அந்த வீட்டுக்கு முதலில் போவது கருவாடுதான். கெட்டுப்போகாது, அடுப்பில் காட்டினால் போதும், எந்தக் கஞ்சிக்கும் தொட்டுக்கொள்ளலாம். அதனால் ஆளுக்கு ஒரு சிப்பம் என்று பனையோலைப் பாயில் கட்டினோம். வாளை, நெத்திலி, திருக்கை. எல்லாம் முதல் தரம். விற்பதற்குக்கூட அவ்வளவு பார்த்துப் பொறுக்கியிருக்க மாட்டோம்.

பங்குச்சாமி கொஞ்சம் யோசித்தார். "மேரி, அங்கிட்டுச் சைவக்காரங்க அதிகம்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

"பசிக்குச் சைவம் அசைவம் தெரியுமா சாமி? வெறுஞ்சோறு எப்படி உள்ள எறங்கும்?" என்றேன். என்னோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். விட்டுவிட்டார். அரிசி மூடைகளுக்கும் போர்வைக் கட்டுகளுக்கும் நடுவில் இடம் பார்த்து, பதினொரு சிப்பத்தையும் நானே நின்று அடுக்க வைத்தேன்.

கூடப் போகிற குழுவில் சமைக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் வருகிறேன் என்றேன். குழுவுக்குத் தலைவி சிஸ்டர் ஜெசிந்தா. பல வருடம் வடக்கே வேலை செய்து இந்தி தெரிந்தவர். அவரிடம் மறைக்காமல் என் கணவர் கதையைச் சொன்னேன். "தேடிக்கிட்டு அலைய நேரம் இருக்காது மேரியம்மா. அங்க சமையல் வேலைதான்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி என்று தலையாட்டினேன். அந்த மண்ணில் போய் நின்றால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது. என் இரண்டாவது செவ்வாய் ரயிலில் கழிந்தது. நாங்கள் ரயிலிலும் வேனிலுமாகப் போய்ச் சேர்ந்தோம். லாரி பின்னால் வந்தது.

எங்களுக்குக் கொடுத்த கிராமம் பச்சாவ் என்ற ஊருக்கு அப்பால் இருந்தது. அந்தக் கிராமத்தின் பெயர் இன்றும் என் நாக்கில் சரியாகத் திரும்பாது. போகிற வழியெல்லாம் எங்கள் ஊர்ச் சீமைக்கருவேலமே நின்றது. தூரத்தில் தரை வெள்ளை வெளேரென்று இருந்தது. உப்பு என்றார்கள். உப்பு இருந்தது, கடல் இல்லை. அந்த வெறுமையை நான் அதற்கு முன் எங்கும் பார்த்ததில்லை. கிராமத்தில் நிமிர்ந்து நின்ற வீடு என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் கல்லை அடுக்கி மண் பூசிய வீடுகள். அப்படியே உட்கார்ந்திருந்தன. சனங்கள் சாக்கையும் சேலையையும் கட்டி அதற்குக் கீழே இருந்தார்கள். குளிர் எலும்பில் இறங்கியது. போர்வை எப்போது வரும் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

மறுநாள் காலை லாரி வந்தது. சனம் வரிசையில் நின்றது. டிரைவர் தார்ப்பாயை அவிழ்த்தார். ஐந்தாறு நாள் வெயிலில் மூடிக்கிடந்த வாடை ஒரேயடியாக வெளியே வந்தது. முன்னால் நின்றவர்கள் நாலடி பின்னால் போனார்கள். பெண்கள் முக்காட்டை மூக்கோடு இறுக்கிப் பிடித்தார்கள். ஒரு கிழவர் ஓரமாகப் போய் ஓங்கரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் மூக்குக்கு அது வாடையே இல்லை.

ஊர்ப் பெரியவர் சிஸ்டரிடம் கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ சொன்னார். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "இந்த ஊர்ல முட்டைகூடத் தொட மாட்டாங்களாம். லாரிய ஊருக்கு வெளிய நிறுத்தச் சொல்றாங்க."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அரிசியும் வாடை, போர்வையும் வாடை. ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு நின்றாள். குழந்தைக்கு ஒரு கிழிந்த துண்டுதான் மேலே கிடந்தது. அவள் கையில் போர்வையைக் கொடுத்தார்கள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தக் குழந்தை அன்றும் குளிரில்தான் கிடந்திருக்கும். 

"நல்ல மனசு இருந்தா மட்டும் போதாது மேரியம்மா. சாமி சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றார் சிஸ்டர். சத்தம்கூடப் போடவில்லை. லாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். "அந்தோணியாரே, வீட்டுல என் வாயால கெட்டது. வந்த எடத்துல என் கையால கெட்டது. இனி என்னை என்ன செய்யச் சொல்லுறீரு?" என்று கேட்டேன். பதில் ஒன்றும் கேட்கவில்லை. அழுதுகொண்டே இருந்தால் போர்வையின் வாடை போகாது என்று மட்டும் தோன்றியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

லாரியை ஊருக்கு வெளியே கொண்டுபோனோம். சிப்பங்களை இறக்கித் தனியாக ஒதுக்கினோம். அரிசியைத் தார்ப்பாயில் கொட்டி வெயிலில் பரப்பினோம். டேங்கர் தண்ணீர் வாங்கிப் போர்வைகளை ஒவ்வொன்றாகத் துவைத்துக் கருவேலஞ்செடிகள் மேல் விரித்தேன். எத்தனை துவைத்தேன் என்று தெரியாது. கை விறைத்துப்போனது. அப்போது ஒரு பெண் வந்து எதிரில் உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும். பெயர் ரத்தன்பென். பூகம்பத்தில் மாமியாரையும் மகளையும் பறிகொடுத்தவள் என்று பிறகு தெரிந்தது. ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போர்வையை எடுத்துக் கல்லில் அடித்தாள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். ஆனால் இரண்டு பேரும் துவைப்பதை நிறுத்தவில்லை.

இரண்டாம் நாள் போர்வைகள் காய்ந்தன. மூக்கருகே வைத்துப் பார்த்து, சரி என்று அவள் தலையசைத்த பிறகுதான் கொடுத்தோம். அவளே முதல் போர்வையை எடுத்துக்கொண்டு அந்தக் கைக்குழந்தைக்காரியிடம் போனாள். அன்று மத்தியானம் ரத்தன்பென் சிஸ்டரிடம், இந்த அம்மா எதற்கு இவ்வளவு தூரம் வந்தாள் என்று கேட்டாள். சிஸ்டர் என் கதையைச் சொன்னார். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நிறையப் பேசினாள். சிஸ்டர் அதை எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

வெளியூரிலிருந்து கட்டட வேலைக்கு வருகிறவர்களில் மீன் தின்கிறவர்களுக்கு இந்தப் பக்கத்துக் கிராமங்களில் யாரும் வாடகைக்கு வீடு கொடுப்பதில்லை. அவர்கள் பெரிய ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். பூகம்பத்தில் கல் வீடுகள் ஆட்களின் மேல் விழுந்தன. தகரக் கொட்டகை விழுந்து யாரும் சாகவில்லை. அந்தக் கொட்டகை ஆட்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், உங்கள் பக்கத்து மனிதர்களும் அதில் உண்டு, அந்தக் கருவாட்டை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்றாள்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "கெளம்புங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கொட்டகைக்குப் போனதும் ஒரு அடுப்பை இரவல் வாங்கி, வாளைக் கருவாட்டைக் கழுவி மிளகாய்த்தூள் தடவி எண்ணெயில் போட்டேன். எந்த வாடை ஒரு ஊரையே பின்னால் தள்ளியதோ அந்த வாடைக்கு அங்கே ஆட்கள் ஓடி வந்தார்கள். வங்காளத்துக்காரர்கள் இருந்தார்கள், ஒரிசாக்காரர்கள் இருந்தார்கள். தட்டை நீட்டியவர்களுக்கெல்லாம் போட்டேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர் இல்லை. எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தட்டோடு நின்று ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அக்கா, நம்மூருக் கருவாடா இருக்கே. எந்தூரு நீங்க?"

"தங்கச்சிமடம்."

"நமக்கு முதுகுளத்தூர் பக்கம்க்கா. பேரு முருகேசன்" என்றார். அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்: "எங்க கஸ்பார் அண்ணனுக்கும் தங்கச்சிமடந்தான்."

கரண்டி கையை விட்டு விழுந்தது. "உசுரோட இருக்காரா?" என்று கேட்டேன்.

"இருக்காருக்கா. அன்னைக்குச் சாரத்துல நின்னாரு. செவரு சாஞ்சு காலுல விழுந்துருச்சு. கூடார ஆஸ்பத்திரியில கெடக்காரு. வீட்டுக்குக் கடுதாசி போடுவோம்னு எத்தன தடவ சொல்லிட்டோம். வேண்டாம்னுட்டாரு. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

முருகேசன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். மீதி இருந்த இரண்டு துண்டையும் சோற்றையும் ஒரு தூக்குவாளியில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினேன்.

கூடாரத்துக்குள் வரிசையாகக் கட்டில்கள். கடைசிக்கு முந்தியதில் அவர் கிடந்தார். தாடி வளர்ந்திருந்தது. பாதி நரை. வலது கால் முழுக்க மாவுக்கட்டு. என்னைப் பார்த்தார்.

"எப்படி வந்த?" என்றார்.

"கருவாட்டு லாரியோட."

கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தேன். இருபத்து நாலு வருடத்தில் அவரிடம் ஒருமுறைகூடச் சொல்லாததைச் சொன்னேன். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிருங்க."

அவர் கூடாரத் துணியைப் பார்த்துக்கொண்டே, "நீ சொன்னதுல பொய் என்ன இருக்கு? எனக்குப் பயந்தான். இன்னும் கண்ண மூடுனா தம்பி கைதான் தெரியுது" என்றார்.

"பயம்னா பயந்துட்டுப் போங்க. எனக்கு நீங்க வேணும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. தம்பியின் அடக்கத்தில்கூட அழாத மனிதர். நான் தூக்குவாளியைத் திறந்து ஊட்டிவிட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டார். "வாளையில உப்பு கூடிருச்சு" என்றார். வேறு நாளாக இருந்தால் பதிலுக்குப் பத்து வார்த்தை சொல்லியிருப்பேன். "ஆமா, கூடித்தான் போச்சு" என்றேன்.

அன்பானவர்களே, இது தற்செயல் என்று சொல்ல ஆள் உண்டு. சொல்லட்டும். நான் அறிந்தது இதுதான்: நான் செய்த தப்புகளில் ஒன்று அவரைத் துரத்தியது, இன்னொன்று அவரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது. நான் எடுத்துப்போன நல்ல காரியங்களுக்குள் ஆண்டவர் வரவில்லை. நான் வெட்கப்பட்ட காரியத்துக்குள்தான் வந்தார்.

நாங்கள் உடனே ஊருக்குத் திரும்பவில்லை. அவருக்குக் கால் எலும்பு கூடுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. என் பதின்மூன்று செவ்வாயில் மிச்சமிருந்தவையும் அங்கேயே முடிந்தன. அந்த வருடத் தவக்காலம் எனக்குச் சிரமமே தெரியவில்லை, ஊரே தவக்காலமாகத்தான் இருந்தது. குழுவினர் அந்தக் கிராமத்துக்கு வீடு கட்ட ஆரம்பித்தபோது அவர் விந்தி விந்திப் போய்க் கம்பி கட்டினார். சுவருக்குக் குறுக்கே சுற்றிலும் கம்பி வைத்துக் கான்கிரீட் ஒட்டு போட்டால் அடுத்த ஆட்டத்துக்குச் சுவர் பிரியாது என்று எஞ்சினியர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அதை அவர் சிரத்தையாகப் படித்துக்கொண்டார். நான் எல்லோருக்கும் சமைத்தேன். மீன் வாடை படாத கையாக ஒரு வருடம் இருந்தேன் என்றால் எங்கள் தெருவில் இன்றும் நம்ப மாட்டார்கள்.

ரத்தன்பென் எனக்குக் கம்பு ரொட்டி தட்டச் சொல்லிக்கொடுத்தாள். என்னுடையது ஒருநாளும் வட்டமாக வரவில்லை. நான் வைத்த புளிக்குழம்பை நாக்கில் தொட்டுவிட்டு அவள் முகத்தைச் சுளித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவள் அவள் பாஷையில் பேசுவாள், நான் தமிழில் பேசுவேன். மகளைப் பற்றிப் பேசுகிறாள் என்பது மட்டும் எனக்கு எப்போதும் விளங்கிவிடும். அவளுடைய வீடு முடிந்த அன்று ஊர்ப் பெரியவர் விளக்கேற்றினார், சிஸ்டர் செபம் சொன்னார். முதல் ரொட்டியை ரத்தன்பென் என் கணவருக்குக் கொடுத்தாள். பெரியவர் எங்களிடம், "அடுத்த தடவை லாரி வந்தால் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள்" என்றாராம். சிஸ்டர் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சாயங்காலங்களில் வேலை முடிந்து, பாதி எழும்பிய சுவரில் அவரும் நானும் உட்கார்ந்திருப்போம். எதிரே உப்புத் தரையில் வெயில் சாயும். அப்போது அவர் பேசுவார். தம்பியைப் பற்றி, கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றி, அந்தக் கொட்டகையில் தனியாகக் கிடந்த நாட்களைப் பற்றி. கரையில் பேசாத மனிதர் அந்தக் காய்ந்த மண்ணில் பேசினார், நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். தெரியாத ஊரில், தகரக் கூரைக்குக் கீழே, கால் ஊனமான புருசனோடு இருந்த அந்த ஒரு வருடம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல வருடம். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

2002-ல் ஊருக்கு வந்தோம். அவர் கொத்தனார் வேலைக்கே போனார். எந்த வீடு கட்டினாலும் சுற்றிக் கம்பி வைக்காமல் விடமாட்டார். "பூகம்ப மேஸ்திரி" என்று ஊர் பட்டம் வைத்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் கடலுக்குப் போகவில்லை. நானும் ஒருநாளும் கேட்கவில்லை. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் வீடு கட்டுகிற வேலைக்கு இரண்டு பேரும் போனோம். அங்கே போய் இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, அந்தப் பெண்களிடம், "ஒங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டதுதான். கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பதை நான் ஒரு கைக்குழந்தையைக் குளிரில் விட்டுப் படித்தவள்.

போன வருடம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். தம் சொந்த வீட்டில், தம் பாயில், நான் பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டார். அழுதேன், இன்னும் அழுகிறேன். ஆனால் அவரிடம் சொல்லாமல் விட்ட சொல் என்று என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. இந்த நிம்மதியை எனக்குக் கொடுத்த ஆண்டவருக்குத் தோத்திரம். என் சண்டையையும் செபமாக எடுத்துக்கொண்ட அந்தோணியாருக்கு என் நன்றி.

இதைப் படிக்கிறவர்களில், வீட்டுக்குள்ளேயே யாரோடாவது பேசாமல் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். எனக்குத் தெரியும், நானும் அப்படி இருந்தவள்தானே. நம்பிச் செபியுங்கள். எப்படிச் செபிப்பது என்று தெரியாவிட்டால் என்னைப் போலச் சண்டையாவது போடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் செபித்து முடித்ததும் எழுந்து போங்கள். ஒரு மன்னிப்புக் கேட்க நான் நாட்டின் மறுகோடி வரைக்கும் போக வேண்டியிருந்தது. உங்களுக்கு அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் வந்தால் போதும்.